டைட்டில் ஸ்க்ரீன்ல நானே ஒரு வயசு ஐகான் போட்டுக்கலாமா?

தேர்முட்டி
4 அக்டோபர் 2025, இரவு 10.40

கோடோவுல (கேம் செய்யற சாஃப்ட்வேர்) செஞ்ச சின்ன கேம் ஒண்ணு முடியற கட்டத்துல இருக்கு. ஊர்த் திருவிழா ராத்திரிதான் களம். கிடா வெட்டு உண்டு (வெட்டறது தெரியாது, சத்தம் மட்டும்). கள்ளுக்கடை, லங்கர் கட்டை (காசு வெச்சுக் கட்டை உருட்டற ஆட்டம்) மினிகேம், முனி துரத்துற காட்சி, டயலாக்ல நாலஞ்சு கெட்ட வார்த்தை. இட்ச்லயும் (சின்ன கேம்களைப் போடற தளம்) ப்ளே ஸ்டோர்லயும் போடப்போறேன். ஈ.எஸ்.ஆர்.பி. (அமெரிக்காவுல கேமுக்கு வயசுத் தரம் குடுக்கற அமைப்பு) எல்லாம் கட்டாயம் இல்ல, தன்னார்வம்தான்னு படிச்சேன். அப்போ டைட்டில் ஸ்க்ரீன்ல நானே ஒரு 'டி' (டீன், 13 வயசுக்கு மேல) ஐகானை வெச்சுட்டுப் போயிடலாமா? இல்ல, எதுவுமே போடாம விட்டா யாரு கேக்கப்போறா?

கரிச்சான்
4 அக்டோபர் 2025, இரவு 11.25

ஐகானை வைக்காதீர்கள். ஈ.எஸ்.ஆர்.பி.யின் எழுத்துப் பெட்டிகளும் ஐரோப்பிய அமைப்பான பெகியின் வண்ணச் சதுரங்களும் பதிவு செய்த வணிகச் சின்னங்கள். அவர்கள் தரம் கொடுத்த கேமுக்கு மட்டும்தான் அவை. ஐ.எஸ்.ஐ. முத்திரையை நாமே அச்சடித்து குக்கரில் ஒட்டுகிற கதை இது. "13 வயதுக்கு மேல்" என்று உங்கள் சொந்த எழுத்தில் போட்டுக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம்.

"யாரு கேக்கப்போறா" என்பதற்குப் பதில் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் சட்டம் கேட்காது. 1993 டிசம்பரில் செனட் விசாரணையில் மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் என்ற கேம்களை வைத்துக் கிழித்தார்கள். அரசு கை வைப்பதற்கு முன்னால் தொழில்துறையே முந்திக்கொண்டு 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி.யை அமைத்தது. சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்பதைத் தடுக்க கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை 2011இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளுபடி செய்தது. ஆனால் கன்சோல் கம்பெனிகள் ரேட்டிங் இல்லாத கேமை ஏற்பதில்லை, பெரிய கடைகள் அலமாரியில் வைப்பதில்லை. சட்டம் விட்டதைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் கதையே வேறு. அங்கே யு.எஸ்.கே. என்ற ரேட்டிங் அமைப்பின் குறியீடு இளையோர் பாதுகாப்புச் சட்டத்தோடு கட்டப்பட்டது.

உங்கள் விஷயத்தில்: இட்ச்சில் வயது எண் யாரும் கேட்கமாட்டார்கள். ப்ளே ஸ்டோரில் உள்ளடக்கம் பற்றிய கேள்வித்தாளை முடிக்காமல் வெளியிட முடியாது.

கரிச்சான்
5 அக்டோபர் 2025, காலை 7.10

ப்ளே ஸ்டோர் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். ப்ளே கன்சோலில் (ஆப் வெளியிடுகிறவர்களுக்கான கூகுள் பக்கம்) 'ஆப் கன்டென்ட்' பக்கத்துக்குப் போங்கள், அதில் 'கன்டென்ட் ரேட்டிங்'. முதலில் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும். சான்றிதழும், பின்னால் ரேட்டிங் அமைப்பு ஏதாவது கேட்டால் அந்தக் கடிதமும் அங்கேதான் வரும். கல்லூரி முகவரி கொடுத்து, படிப்பு முடிந்ததும் அது செத்துப்போனவர்கள் நிறைய. நிரந்தரமான ஒன்றைக் கொடுங்கள். அடுத்து வகை: 'கேம்'. கதைதான் அதிகம், விளையாட்டு கம்மி என்று நினைத்து 'மற்ற ஆப்' பக்கம் போகாதீர்கள். அங்கே கேள்விகள் வேறு, உங்கள் கேமுக்குப் பொருந்தாது.

பிறகுதான் கேள்விகள். இதன் பின்னால் இருப்பது ஐ.ஏ.ஆர்.சி. என்ற கூட்டமைப்பு. 2013இல் தொடங்கியது, ப்ளே ஸ்டோர் 2015 மார்ச்சில் சேர்ந்தது. காசு கிடையாது. ஒரே கேள்வித்தாள், ஆனால் பதில்களை ஒவ்வொரு நாட்டு அமைப்பின் விதியும் தனித்தனியாக எடை போடும். வட அமெரிக்காவுக்கு ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு பெகி, ஜெர்மனிக்கு யு.எஸ்.கே., பிரேசிலுக்கு க்ளாஸ்இன்ட், ஆஸ்திரேலியாவுக்கும் தென் கொரியாவுக்கும் அவரவர் வாரியம். தனி வாரியம் இதில் சேராத நாடுகளுக்குப் பொதுவாக 3, 7, 12, 16, 18. இந்தியாவில் கேமுக்கென்று ரேட்டிங் வாரியம் இல்லை. அதனால் நம் ஊர் ப்ளே ஸ்டோரில் தெரிவது இந்தப் பொது எண்தான்.

முடித்ததும் ஒரு சான்றிதழ் எண் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் போன்ற வேறு ஐ.ஏ.ஆர்.சி. கடைக்குப் போகும்போது "ஏற்கெனவே எண் இருக்கிறதா" என்று கேட்கும், அங்கே இதையே போட்டுவிடலாம். எண்ணைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு கடையிலும் புதிதாக நிரப்பினால், ஒரு இடத்தில் 'ஆம்', இன்னொரு இடத்தில் 'இல்லை' என்று பதில் பிசகும். ஒரே கேமுக்கு இரண்டு வயது. புகார் வரும்போது அது நன்றாக இருக்காது.

எட்டுபிட்_எறும்பு
5 அக்டோபர் 2025, காலை 9.32

ப்ளே ஸ்டோர்ல தனியாள் கணக்கா இருந்தா, வெளியிடறதுக்கு முன்னாடி 12 பேரை 14 நாள் டெஸ்ட்டுக்குப் பிடிக்கணும், அதையும் சொல்லிடுங்க. ரேட்டிங் அரை மணி நேர வேலை. அந்த 12 பேரைத் தேடறதுதான் அசல் பாஸ் ஃபைட்.

கரிச்சான்
5 அக்டோபர் 2025, இரவு 9.50

அது வேறு தலைவலி, வேறு இழை. (2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு மட்டும்.)

கேள்விகளுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் "என் கேம் 12+ மாதிரி இருக்கிறது" என்று எண்ணை முடிவு செய்துவிட்டு, அந்த எண் வருகிற மாதிரி பதிலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கேள்வித்தாள் உங்களிடம் வயதைக் கேட்பதே இல்லை. என்ன இருக்கிறது, எப்படித் தெரிகிறது என்றுதான் கேட்கிறது.

வன்முறையை எடுத்துக்கொள்வோம். 'ஆம்' என்றதும் கிளைக் கேள்விகள் திறக்கும். அடி வாங்குவது மனிதனா, மிருகமா, கற்பனை உயிரா? அடிபட்டவர் நிஜத்தில் போலத் துடிக்கிறாரா, புகையாக மறைகிறாரா? ரத்தம் உண்டா, எவ்வளவு? தற்காப்பு இல்லாதவர்களை அடிக்க முடியுமா? பிக்சல் கேம் என்பதால் எல்லாவற்றையும் 'இல்லை' என்று போடுகிறவர்கள் உண்டு. பதினாறு பிக்சல் உயரமுள்ள மனிதனும் மனிதன்தான். பிக்சலாக இருப்பதன் பலன், காயம் எப்படித் தெரிகிறது என்ற கிளைக் கேள்வியில் தானாகவே கிடைக்கும். அதை முதல் கேள்வியிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கள்ளுக்கடை: பின்னணியில் கடை இருப்பது ஒன்று, பாத்திரம் குடிப்பது ஒன்று, ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திக் குடித்து அதனால் பலம் ஏறுவது இன்னொன்று. ஈ.எஸ்.ஆர்.பி. மதுவைப் பற்றிய குறிப்பையும் மதுப் பயன்பாட்டையும் தனித்தனி விவரச் சொல்லாகவே வைத்திருக்கிறது. பெகியில் குடிப்பது, புகைப்பது 16 பக்கம் இழுக்கும். உங்கள் கேமில் கள் குடித்தால் முனியிடமிருந்து தப்ப வேகம் கூடும் என்று வைத்திருந்தால், அதை மோர் ஆக்கிவிடுவது பற்றி யோசியுங்கள். கதைக்கு நஷ்டம் இல்லை, ரேட்டிங் ஒரு படி இறங்கும்.

முனி: ரத்தமே இல்லாவிட்டாலும், சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற படமோ சத்தமோ இருந்தால் பெகியில் 3 போய் 7 ஆகும். பயம் என்பதற்கே தனிச் சின்னம் உண்டு.

கெட்ட வார்த்தை: "தமிழ்ல தானே இருக்கு, அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளுக்கு மொழி கிடையாது. முட்டாள், நாயே வகையறா லேசானது. அம்மாவை இழுக்கும் வசவுகள் எல்லாம் பாலியல் வசவு, கடுமையானது. சாதிப் பெயரைத் திட்டாகப் பயன்படுத்தியிருந்தால் அது 'மொழி' கணக்கில் வராது. பாகுபாடு என்ற கேள்வியில் வரும். பெகியில் அந்தச் சின்னம் 18ஓடு மட்டுமே வரும். ஊர் டயலாக் இயல்பாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இதில் அறியாமலே மாட்டுகிறார்கள். பண்ணையார் பாத்திரம் ஒரு வரி பேசினால் போதும்.

தேர்முட்டி
5 அக்டோபர் 2025, இரவு 10.15

மோர்! சரி, பண்றேன். லங்கர் கட்டை? கேமுக்குள்ள இருக்கிற நாணயம்தான், நிஜக் காசு கிடையாது.

கரிச்சான்
5 அக்டோபர் 2025, இரவு 11.40

உங்கள் கேமில் எண்ணைத் தீர்மானிக்கப்போவது அதுதான். கிடா வெட்டு அல்ல, முனி அல்ல.

நிஜக் காசு இல்லை என்பது ஒரு கேள்விக்கு மட்டும் பதில். அடுத்த கேள்வி, சூதாட்டத்தைப் போலச் செய்து காட்டுகிறதா என்பது. லங்கர் கட்டை அச்சு அசல் சூது: ஆறு படம், மேலே காசு வைக்கிறோம், கட்டையை உருட்டுகிறார், விழுந்த படத்துக்குக் காசு. நிஜ ஊர்த் திருவிழாவில் நடப்பதை அப்படியே ஆடச் சொல்லிக்கொடுக்கிறது. பெகி 2020 முதல் சூதாட்டத்தைக் கற்றுக்கொடுக்கிற புதிய கேம்களுக்கு 18 என்று வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் 22 முதல் சூதாட்டப் பாவனைக்கு ஆர்18+, காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளுக்கு (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்குபவை) குறைந்தது எம் (அங்கே 15 வயதுக்கு மேல் என்ற பரிந்துரை). தென் கொரியா இதில் எப்போதுமே கடுமை.

மூன்று வழி. ஒன்று, அப்படியே விட்டுவிட்டு 18ஐ ஏற்றுக்கொள்வது. இரண்டு, ஆட்டக்காரர் காசு வைக்க முடியாது, கூட்டத்தோடு நின்று வேடிக்கை மட்டும் பார்க்கலாம். அப்போது அது பாவனையிலிருந்து வெறும் குறிப்பாக இறங்கும். மூன்று, பலூன் சுடும் கடை அல்லது வளையம் போடும் கடை. அது திறமை ஆட்டம், திருவிழாவில் அதுவும்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் இந்தியாவில் வந்த ஆன்லைன் கேம் சட்டத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். அது பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆட்டங்களைத் தடுப்பது. வயது ரேட்டிங் அதன் வேலை இல்லை.

எட்டுபிட்_எறும்பு
6 அக்டோபர் 2025, காலை 8.05

பலாட்ரோ கதை மறந்துடுச்சா? அதுல பந்தயமே இல்ல. போக்கர் கை பேரை மட்டும் வெச்சு ஆடற சீட்டு கேம், அதுக்குப் போய் 18 குடுத்தாங்க. காசு குடுத்து ஆளை வாங்கற கால்பந்து கேமுக்கு 3. இவங்க பேச்சைக் கேட்டு லங்கர் கட்டையை எடுக்கணுமா?

கரிச்சான்
6 அக்டோபர் 2025, இரவு 10.20

மறக்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். தனியாள் செய்த கேம். முதலில் பெகி 3. 2024 மார்ச்சில் திடீரென்று 18 ஆனது, சில நாடுகளின் கன்சோல் கடைகளிலிருந்து கொஞ்ச நாள் காணாமலும் போனது. காரணமாகச் சொன்னது, சூதாட்டப் படிமம் தூக்கலாக இருக்கிறது, போக்கர் கைகளை விளக்குகிறது என்று. அதே கேமுக்கு ஈ.எஸ்.ஆர்.பி. கொடுத்தது ஈ10+ (10 வயதுக்கு மேல்) மட்டும்தான். பதிப்பாளர் மேல்முறையீடு செய்தார். 2025 பிப்ரவரியில் பெகியின் புகார்க் குழு அதை 12 ஆக்கியது. கூடவே ஸ்லாட் மெஷினை வைத்துச் செய்த லக் பீ எ லேண்ட்லார்டும் 18லிருந்து 12க்கு இறங்கியது. வழக்கமான சூதாட்டப் பின்புலம் இல்லாமல், கற்பனைச் சூழலில் அமைந்தவை என்பது வாதத்தின் மையம்.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படுகிற பாடம் இரண்டு. மேல்முறையீடு உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும், எழுதிக் கேட்க ஒரு பதிப்பாளர் தேவைப்பட்டார். அந்த 12, கற்பனையாக மாற்றிய ஆட்டத்துக்குக் கிடைத்தது. தேர்முட்டியின் லங்கர் கட்டை கற்பனை இல்லை, ஊரில் போலீஸ் வந்து கலைக்கிற அதே ஆட்டம். அந்த வாதம் இவருக்கு உதவாது.

கால்பந்து கேமைப் பற்றிச் சொன்னது நியாயமான கோபம். 2025இல் பெகியில் பணத்துக்கு வாங்கும் அதிர்ஷ்டப் பொதி 'கேமுக்குள் வாங்கும் வசதி' என்ற சின்னத்தில் ஒதுங்கிவிட்டது, வயது எண்ணைத் தொடவில்லை. சீட்டின் படம் எண்ணைத் தொடுகிறது. படம் தெரிகிற மாதிரி பணப்பை தெரிவதில்லை என்பது இந்த அமைப்புகளின் பழைய நோய். ஆஸ்திரேலியாவின் 2024 மாற்றம் அதைக் கொஞ்சம் திருத்தியது.

தேர்முட்டி
6 அக்டோபர் 2025, இரவு 10.48

லங்கர் கட்டை இல்லாம திருவிழாவா... வேடிக்கை பார்க்கிற மாதிரியே வெச்சுக்கறேன். பலூன் கடையையும் சேர்த்துடறேன்.

எட்டுபிட்_எறும்பு
6 அக்டோபர் 2025, இரவு 10.51

பலூன் சுடறது வன்முறையா? 'கற்பனை உயிர்' கணக்குல போடலாமா?

கரிச்சான்
9 அக்டோபர் 2025, இரவு 8.30

ஒரு சேர்க்கை. ப்ளே கன்சோலில் 'டார்கெட் ஆடியன்ஸ்' என்று இன்னொரு படிவம் இருக்கிறது. இதையும் ரேட்டிங்கையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ரேட்டிங் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பது. இது யாருக்காகச் செய்தீர்கள் என்பது: 5 வரை, 6-8, 9-12, 13-15, 16-17, 18க்கு மேல் என்று பெட்டிகள். ரேட்டிங் 3+ வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்தால், 13க்குக் கீழே ஒரு பெட்டி இருந்தாலும் குடும்பக் கொள்கை முழுவதும் உங்கள் தலையில் விழும். அப்புறம் விளம்பர எஸ்.டி.கே. (விளம்பரம் காட்ட கேமுக்குள் சேர்க்கும் தயார் நிரல்) எதைப் போடலாம் என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. செஸ் கேமின் உள்ளடக்கம் 3+ ஆக இருக்கலாம், அது குழந்தைகளுக்காகச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. திருவிழா கேமுக்கு 16க்கு மேல் உள்ள பெட்டிகள் போதும்.

கரிச்சான்
12 அக்டோபர் 2025, மதியம் 3.15

ஸ்டீம் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஸ்டீம் (கம்ப்யூட்டர் கேம்களுக்கான ஆன்லைன் கடை) ஐ.ஏ.ஆர்.சி.யில் இல்லை. அவர்களுக்கே ஒரு கேள்வித்தாள் உண்டு, அதை நிரப்பினால் ஜெர்மனிக்கான ரேட்டிங்கும் அதிலிருந்தே உருவாகும், இலவசம். 2024 நவம்பர் 15 முதல் ரேட்டிங் இல்லாத கேம்கள் ஜெர்மனியில் கடையில் தெரிவதில்லை. பழைய கேமைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களுக்கு ஜெர்மனி விற்பனை சுழியம் ஆனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கேம் மோசம் என்பதில்லை. கேள்வித்தாளைத் திறந்து நிரப்பிவிடுங்கள்.

ஆப்பிள் தன் வழியில் போகிறது. பழைய 12+, 17+ போய், 2025 ஜூலையில் அறிவித்தபடி 4+, 9+, 13+, 16+, 18+. புதிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல 2026 ஜனவரி 31 கெடு, சொல்லாவிட்டால் அப்டேட் அனுப்ப முடியாது.

எட்டுபிட்_எறும்பு
14 அக்டோபர் 2025, இரவு 11.02

இதெல்லாம் பெரிய கடை. ஜாம் கேம் (சில நாள்ல செஞ்சு முடிக்கற போட்டி கேம்) போடறவன், பொழுதுபோக்குக்கு ஆர்.பி.ஜி. மேக்கர் மாதிரி சாஃப்ட்வேர்ல செய்யறவன் எதுக்கு இதைக் கட்டி அழணும்? எங்களுக்குன்னு ஒரு தனி ரேட்டிங் செஞ்சுக்கிட்டா என்ன?

கரிச்சான்
15 அக்டோபர் 2025, இரவு 9.45

செய்து பார்த்திருக்கிறார்கள், பல தடவை.

ஈ.எஸ்.ஆர்.பி. வந்த அதே 1994இல் ஆர்.எஸ்.ஏ.சி. என்று ஒன்று வந்தது. மென்பொருள் பதிப்பாளர்கள் சங்கம் தொடங்கியது. சின்னக் கடைகளுக்கும் ஷேர்வேர் (முதலில் இலவசமாக ஆடவிட்டு, பிடித்தால் காசு கேட்கும் முறை) ஆட்களுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி, கேம் செய்தவரே கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிக்கொள்ளும் முறை. இதில் வயதே கிடையாது! வன்முறை, பாலியல், மொழி ஒவ்வொன்றுக்கும் ஒரு தெர்மாமீட்டர் படம், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான வடிவம். எந்த வயதுக்கு எது என்பது வீட்டுக்கு வீடு மாறும், எவ்வளவு ரத்தம் என்பது மாறாது. ஆனால் கடைக்காரருக்கும் அவசரத்தில் வாங்குகிற பெற்றோருக்கும் ஒற்றை எழுத்து போதும் என்று இருந்தது, ஈ.எஸ்.ஆர்.பி. ஜெயித்தது. ஆர்.எஸ்.ஏ.சி. 1996இல் இணையதளங்கள் பக்கம் திரும்பியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3இல் அந்த வடிகட்டி உள்ளேயே இருந்தது. பெரும்பாலான தளங்கள் லேபிளே போடவில்லை. வடிகட்டியைப் போட்டால் பாதி இணையம் காணாமல் போனது, ஜனங்கள் அதை அணைத்துவிட்டார்கள். 1999இல் இன்னொரு அமைப்புக்குள் கரைந்தது.

டி.ஐ.ஜி.ஆர்.எஸ். என்ற இலவச முறை இண்டி ஆட்களுக்கென்றே (பெரிய கம்பெனி இல்லாமல் தாங்களே கேம் செய்கிறவர்கள்) வந்தது. குடும்பத்துக்கு, பதின்வயதினருக்கு, பெரியவர்களுக்கு என்று மூன்று நிலை, கூடவே என்ன இருக்கிறது என்ற விவரம். எண்ணம் குறை சொல்ல முடியாதது. ஆனால் எந்தப் பெரிய கடையும் அதைக் கேட்கவில்லை. கேட்காத லேபிளை எத்தனை பேர் போடுவார்கள்?

நியூகிரவுண்ட்ஸ் என்ற கேம் தளத்தில் மட்டும் இது ஓடுகிறது, ஏனென்றால் பதிவேற்றும் படிவத்திலேயே இருக்கிறது. நிர்வாணம், வன்முறை, வசவு, பெரியவர்களுக்கான கரு என்று தனித்தனியாக அளவு குறிக்க வேண்டும், அதிலிருந்து ஈ (எல்லாருக்கும்), டி (பதின்வயதினருக்கு), எம் (முதிர்ந்தவர்களுக்கு), ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) வரும். தப்பாகப் போட்டால் அங்கேயே சுற்றுகிற மாடரேட்டர்கள் மாற்றிவிடுவார்கள். தன்னார்வ ரேட்டிங்குக்கு ஒரு படிவமும் அதைத் திருத்த ஒரு கூட்டமும் வேண்டும். லோகோ வரைவது கடைசி வேலை, எல்லாரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

எட்டுபிட்_எறும்பு
15 அக்டோபர் 2025, இரவு 10.10

லோகோ ஏற்கெனவே வரைஞ்சுட்டேன். பனங்காய் மூணு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, ஒண்ணு வெட்டினது.

கரிச்சான்
16 அக்டோபர் 2025, காலை 6.55

வெட்டின பனங்காய் வன்முறை.

மறு கோடி எப்படி இருக்கும் என்பதற்குக் கொரியா. 2019 பிப்ரவரியில் அங்குள்ள ரேட்டிங் வாரியம், மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும் ஃப்ளாஷ் கேம் போட்டுவந்த தளங்களிடம், தரம் வாங்காத கேமை எடுக்கச் சொன்னது. பள்ளிப் பிள்ளை செய்த இலவச கேமுக்கும் அதே சட்டம், அதே கட்டணம். பெரிய கூச்சல் கிளம்பியது. அதே ஆண்டிலேயே லாப நோக்கம் இல்லாமல் வெளியிடும் கேம்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். எறும்பு கேட்ட "நாங்க எதுக்கு" என்பதற்கு அரசு மட்டத்திலேயே 'வேண்டாம்' என்று பதில் கிடைத்த இடம் அது.

கரிச்சான்
21 அக்டோபர் 2025, இரவு 11.30

இட்ச்சைப் பற்றி மேலே ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அது போதாது.

இட்ச்சில் வயது எண் கிடையாது, 'பெரியவர்களுக்கான உள்ளடக்கம்' என்ற ஒரு ஸ்விட்ச்தான் பெரிய விஷயம். 2025 ஜூலையில் பணப் பரிவர்த்தனைக் கம்பெனிகளின் நெருக்கடியால் அந்த ஸ்விட்ச் போட்ட கேம்கள் தேடலிலிருந்து ஒட்டுமொத்தமாக மறைந்தன. பிறகு இலவசமானவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். இதில் அடி வாங்கியவர்கள் யார்? ஒளிக்காமல் குறித்தவர்கள். அதே மாதிரி உள்ளடக்கம் வைத்து ஸ்விட்ச்சைப் போடாதவர்கள் தேடலில் நிம்மதியாக இருந்தார்கள். சுயமாகச் சொல்லும் எந்த ஏற்பாட்டுக்கும் இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. லேபிள் என்பது வாசகருக்குச் சேதி என்ற நிலையிலிருந்து, கடையை மூடும் பொத்தான் என்ற நிலைக்குப் போனால், அடுத்த முறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். கேம் செய்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் இட்ச்சுக்கு நான் சொல்வது: ஸ்விட்ச்சை அது எதற்கென்று இருக்கிறதோ அதற்கு மட்டும் போடுங்கள், அதாவது வெளிப்படையான பாலியல் உள்ளடக்கம் போன்றவை. திருவிழா கேமுக்குத் தேவையில்லை. மற்றதை எல்லாம் பக்க விளக்கத்தில் சொற்களாக எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழே புதைக்காமல் டவுன்லோட் பொத்தான் பக்கத்தில். மாதிரிக்கு:

"இதில் உள்ளவை: கிடா வெட்டும் சத்தம் (காட்சி இல்லை), இருட்டில் துரத்தும் உருவம், திடீர்ச் சத்தம் இரண்டு இடத்தில், கடுமையான வசவுச் சொற்கள், பின்னணியில் கள்ளுக்கடை, சூதாட்டம் நடக்கும் காட்சி. மின்னும் வெளிச்சம்: வாணவேடிக்கை, செட்டிங்ஸில் அணைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை."

மின்னும் வெளிச்சத்தைக் கடைகளின் வயது எண் சொல்லாது. வலிப்பு உள்ளவருக்கு உங்கள் கேமில் இருக்கிற கெட்ட வார்த்தையைவிட அதுதான் முக்கியம்.

தேர்முட்டி
22 அக்டோபர் 2025, இரவு 9.20

அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கறேன். ஒரு விஷயம்: வெட்டற காட்சியை முதல்ல வரைஞ்சு, அப்புறம் எடுத்துட்டேன். ஆனா படங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இன்னும் இருக்கு. அதைச் சொல்லணுமா?

கரிச்சான்
22 அக்டோபர் 2025, இரவு 10.05

சொல்ல வேண்டாம், எடுத்துவிடுங்கள். கேமில் எட்ட முடியாவிட்டாலும், வெளியிட்ட கோப்புக்குள் இருந்தால் யாராவது தோண்டுவார்கள். 2005இல் ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேமில் அணைத்துவைத்த காட்சி ஒன்றை ரசிகர்கள் திறந்துவிட, ஈ.எஸ்.ஆர்.பி. எம் (17 வயதுக்கு மேல்) தரத்தை ஏ.ஓ. (பெரியவர்களுக்கு மட்டும்) என்று மாற்றியது. கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. அதற்குப் பிறகு டிஸ்க்கில் இருப்பதும் கணக்கில் சேரும்.

கோடோவில் இயல்பாக எல்லா ரிசோர்ஸும் .பி.சி.கே. என்ற பொதிக் கோப்புக்குள் போய்விடும், காட்சியில் பயன்படாத படம்கூட. எக்ஸ்போர்ட் ஜன்னலில் 'ரிசோர்சஸ்' தாவலுக்குப் போய், தேர்ந்தெடுத்த காட்சிகளையும் அவை சார்ந்தவற்றையும் மட்டும் எக்ஸ்போர்ட் செய்யும் முறையைத் தேர்வு செய்யுங்கள். ஆனால் கோடில் பெயரைக் கோத்து லோட் செய்யும் கோப்புகளை இது தவறவிடும், கேம் பாதியில் நிற்கும். அந்த வம்பு வேண்டாமென்றால் பழைய படங்களை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்திவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதுதான் சுலபம்.

கூடவே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்ப்ரெட்ஷீட் போதும். காட்சியின் பெயர், அதில் என்ன, எப்படித் தெரிகிறது, எத்தனை முறை, ஆட்டக்காரரே செய்கிறாரா வேறு பாத்திரமா, ஸ்க்ரீன்ஷாட்டின் கோப்புப் பெயர். கேள்வித்தாளைத் திறக்கும் முன் இது நிரம்பியிருந்தால் நினைவிலிருந்து பதில் சொல்ல வேண்டாம். ரேட்டிங் அமைப்பிலிருந்து கேள்வி வந்தால் அதையே அனுப்பலாம்.

எட்டுபிட்_எறும்பு
30 அக்டோபர் 2025, இரவு 8.44

அப்டேட் போட்டா மறுபடி நிரப்பணுமா?

கரிச்சான்
30 அக்டோபர் 2025, இரவு 9.30

பிழை திருத்தத்துக்கு வேண்டாம். பதில் மாறுகிற மாதிரி ஏதாவது சேர்ந்தால் வேண்டும். அடிக்கடி தவறுவது ஆன்லைன் விஷயத்தில்: பெயர் தட்டி எழுதுகிற ஸ்கோர் பலகை. ஆட்டக்காரர் எழுதுவதை இன்னொருவர் படிக்க முடிகிறதென்றால் 'பயனர்கள் தொடர்புகொள்கிறார்கள்' என்று வர வேண்டும். பெயருக்குப் பதில் மூன்று படங்களைத் தேர்வு செய்யச் சொன்னால் அந்தச் சிக்கலே இல்லை. யு.எஸ்.கே. 2023 முதல் சாட், அதிர்ஷ்டப் பெட்டி போன்றவற்றையும் வயது முடிவில் சேர்த்துப் பார்க்கிறது.

ராப்லாக்ஸில் (ஆடுகிறவர்களே கேம் செய்து போடும் தளம்) செய்கிற தம்பிகளும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். 2024இல் வந்த மினிமல், மைல்ட், மாடரேட், ரெஸ்ட்ரிக்டட் லேபிள்களுக்கும் இதே மாதிரி கேள்வித்தாள்தான். ஐ.ஏ.ஆர்.சி.க்கு மாறப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்திருக்கிறார்கள். மேலே சொன்ன தாள் அப்போதும் உதவும்.

தேர்முட்டி
8 நவம்பர் 2025, இரவு 11.15

கேள்வித்தாள் பக்கத்துல உக்காந்திருக்கேன். வன்முறை கேள்வி. கிடா வெட்டுல சத்தம் மட்டும்தான், திரை கருப்பு. 'ஆம்'ஆ 'இல்லை'யா?

கரிச்சான்
8 நவம்பர் 2025, இரவு 11.22

'ஆம்'. கிளைக் கேள்வியில் மிருகம், ரத்தம் இல்லை, காயம் தெரியாது. அதோடு, அடுத்த காட்சியில் மேளக்காரர் வேட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி வரைந்திருக்கிறீர்கள், நீங்கள் அனுப்பிய டெஸ்ட் பில்டில் பார்த்தேன். அது குங்குமம் என்றால் இடத்தை மாற்றுங்கள், ரத்தம் என்றால் ரத்தம் கேள்விக்கும் 'ஆம்'.

தேர்முட்டி
8 நவம்பர் 2025, இரவு 11.24

வெத்தலை எச்சில்.